கொரியாக் கஷாயத்துக்கு எங்கள் வீட்டுப் பத்தியம்

எலும்பு முறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. கட்டுப் போட்ட கையைக் காட்டினால் யாரும் மறுபேச்சு பேசமாட்டார்கள். எனக்கோ ஒரு கீறல்கூட இல்லை.

சந்தவாசலில் ஒரு கல்யாணம் முடிந்து ஆரணிக்குத் திரும்பும்போது, குறுக்கே வந்த நாய்க்காக என் வீட்டுக்காரர் பைக்கில் பிரேக் அடித்தார். வண்டியோடு இருவரும் விழுந்தோம். மண்ணைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்துவிட்டோம். மறுவாரம்தான் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. குனிந்தால் தலை சுற்றியது, படுத்தால் தூக்கம் வரவில்லை. வேலூரில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து எல்லாம் நார்மல் என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வீட்டில் மாதக்கணக்கில் என் உயிரை எடுத்தார்கள்.

வீட்டுக்காரர் பட்டு நெய்கிறார். ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பது என் வேலை. ராட்டை முன் குனிந்தால் எனக்குக் கண் இருட்டும், நிறுத்திவிடுவேன். "ஸ்கேன்லதான் ஒண்ணும் இல்லியே, இன்னும் எத்தினி நாளு கழுத்த புடிச்சிகினு உக்காந்திருப்ப?" என்பார், தறியிலிருந்து தலையைத் திருப்பாமலே. வேலைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லி வைத்தார்.

என் தம்பி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கொரியாக் கம்பெனியில் இருக்கிறான். என் கதையைக் கேட்ட அவனுடைய கொரிய அதிகாரி ஒரு பெட்டி மருந்து கொடுத்தனுப்பினார். மூலிகைகளைக் காய்ச்சிப் பாக்கெட்டில் அடைத்த கறுப்புக் கஷாயம். விபத்துக்குப் பிறகு ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் வலி மட்டும் நிற்கிறவர்களுக்கு அந்த ஊர் வைத்தியர்கள் தனியாகவே கொடுப்பார்களாம். அவரும் ஒரு கார் விபத்துக்குப் பிறகு குடித்தவராம். குணமாகுமோ ஆகாதோ, என் வலிக்கென்று ஒரு தேசத்தில் மருந்தே வைத்திருக்கிறார்கள் என்றதும் தம்பி முன்னால் அழுதுவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரைதான். "பத்தியம் இல்லாம இன்னா மருந்து?" என்று மாமியார் ஆரம்பித்தார். புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது, மீன் வாசனையே ஆகாது. கொரியாக்காரர்கள் கருவாட்டை விடுவார்களா என்று கேட்டதற்கு எதிர்த்துப் பேசுகிறேன் என்றார். தம்பி அதிகாரியிடமே கேட்டுச் சொன்னான். மைதாவும் ஐஸ் தண்ணீரும் வேண்டாம், நன்றாக ஓய்வெடுக்க வேண்டுமாம். மைதாவையும் ஐஸ் தண்ணீரையும் மாமியார் உடனே சேர்த்துக்கொண்டார். ஓய்வு மட்டும் அவர் காதில் விழவில்லை.

பட்டையும் அதிமதுரமும் மணக்கும் அந்தக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, புடலங்காய்க் கூட்டைத் தின்றுவிட்டு ராட்டையில் உட்கார்ந்தேன். தலை சுற்றத்தான் செய்தது. ஆனால் பாக்கெட்டுகள் நான் குடிப்பதைவிட வேகமாகக் குறைந்தன. மாமியார்தான் மூட்டு வலிக்குக் குடிக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு மதியம் பால் வாங்கிக்கொண்டு வந்தால், ஃபிரிட்ஜ் முன்னால் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருக்கிறார், வாயில் பாக்கெட். கூப்பிட்டேன். அவர் கழுத்து திரும்பவில்லை. உடம்போடு முழுசாகத் திரும்பினார்.

"எனுக்கும் வுழுந்த அன்னைலருந்து இப்டித்தான்" என்றார். "அம்மாகிட்ட சொல்லாத."

எனக்குப் பரிதாபம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. என் வலி பொய்யில்லை என்று இந்த வீட்டில் ஒருவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அவர் வாயாலேயே என்னை நடிப்புக்காரி ஆக்கியிருக்கிறார்.

"அத்தே, உங்க புள்ளைக்கும் கழுத்து வலியாம். கீழ வுழுந்ததுல வந்ததாம்" என்று கூடத்துக்குக் கேட்கும்படி சொன்னேன்.

மாமியார் பதறிக்கொண்டு வந்தார். மகனின் கழுத்தைத் தடவினார், தறி கிடக்கட்டும் என்றார், பாயை விரித்துப் படுக்க வைத்தார். ஸ்கேன் எடுத்தாயா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.