கடைசிக் குளோரின்

நான் லிஸ்பனுக்கு ரயில் ஏறிய செவ்வாய்க்கிழமை காலை, பக்கத்துத் தோட்டத்துப் பெண்மணி ஹைட்ரூன் தரையில் பதித்த குழாய்க்குள் சர்க்கரைக் கிழங்குப் பாகை ஊற்றிக்கொண்டிருந்தார். கீழே, நிலத்தடி நீரில் வாழும் பாக்டீரியாவுக்கு அதுதான் தீனி. அவருக்கும் ஏறக்குறைய அதேதான். அதே கிழங்கின் பாகைக் கறுப்பு ரொட்டியில் தடவி, குழாயருகே நின்றபடியே சாப்பிட்டு முடிப்பார்.

ஹாலே நகருக்கு அருகே எங்கள் ஊரில், மூடிப்போன ஆலை ஒன்றின் பிசுக்கு நீக்கும் திரவம் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது. தோட்டக் கிணறுகளுக்கெல்லாம் நகராட்சி பூட்டுப் போட்டுவிட்டது. தன் தக்காளிக்குத் தன் கிணற்றுத் தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பதற்காகவே ஹைட்ரூன் அந்த நிலத்தடி நீரை பாக்டீரியாவால் சுத்தம் செய்யும் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்தத் திரவத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு குளோரின். பாக்டீரியா மூன்றைப் பிடுங்கிவிட்டு நின்றுவிட்டது. கடைசியைப் பிடுங்கும் நொதியைச் செய்ய ஒரு மரபணு வேண்டும். உள்ளூர் வகையிடம் அது இல்லை. மிஞ்சியதோ பழையதைவிடக் கொடிய விஷம்.

"தீனி போட்டுப் போட்டு, சுமாரான விஷத்த அசல் விஷமா ஆக்கிட்டா என் பொண்டாட்டி," என்பார் அவர் கணவர் எக்ஹார்ட்.

"முக்கால் வேலையில எழுந்து போறது எனக்குப் புதுசா? சமையக்கட்டுல நீங்க ஒட்டாம விட்ட கடைசி வரிசை டைல் எங்க?" என்பார் ஹைட்ரூன்.

காற்றுப் பட்டால் இந்த பாக்டீரியா செத்துவிடும். அதனால் சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும்போது புட்டியில் ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. ஹைட்ரூன் விளிம்பு தளும்ப நிரப்பி, மூடியைத் திருகும்வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார். கவிழ்த்து, நகத்தால் தட்டிப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். வீட்டிலும் இப்படித்தான். அவர் தரும் காப்பியைக் கையில் எடுக்க முடியாது; முதல் வாயை மேசையிலேயே குனிந்து உறிஞ்ச வேண்டும்.

நான் கிளம்பிய அன்று காலை, அந்த மரபணு உள்ள பாக்டீரியா ஆய்வகத்திலிருந்து பீர்ப் பீப்பாய் போன்ற கலத்தில் வந்து, குழாய் வழியே கீழே இறங்கியது.

"நீ போற, இவங்க வர்றாங்க," என்றார் ஹைட்ரூன், என் பையைப் பார்த்து. "யாரு ஒரு எடத்துல நிலைச்சு நிக்கிறீங்கன்னு பாப்போம்."

"இவங்க நிக்கலைன்னா?"

"நான் சாகுற வரைக்கும் கிணத்துல பூட்டுதான். எக்ஹார்ட் தெருக்குழாய்லேருந்து தண்ணி தூக்குவாரு."

"முக்கால் தோட்டத்துக்கு," என்றார் எக்ஹார்ட்.

நான்காம் ஆண்டுக் கோடையில், லிஸ்பனையும் விட்டுக் கிளம்பி டிபிலிசி பேருந்து நிலையத்தில் இருந்தபோது எனக்கு ஒரு காணொளி வந்தது. கூடவே ஒரு வரி: "கடைசிக் குளோரினும் போச்சு. பூட்ட எடுத்துட்டாங்க."

படத்தில் ஹைட்ரூன் தன் கைப்பம்பை அடிக்கிறார். பூவாளி தளும்புகிறது.

"மூச்ச விடு, ஹைட்ரூன். இது தக்காளிக்கு," என்கிறது படமெடுக்கும் எக்ஹார்டின் குரல்.

அவர் விடவில்லை. பூவாளியின் வாயை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, செடிகளை நோக்கி நடக்கிறார்.