உள்ளே விட்ட துணி

எங்கள் அறையில் அவளுக்கு அரை இன்ச் என்றுதான் பெயர். துணிக்கடையின் மூன்றாவது மாடியில், சரக்கு அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. கீழே விற்கிற சட்டையும் பேன்ட்டும் ஆளுக்குப் பொருந்தாவிட்டால் மேலே எங்களிடம் வரும். அவள் படியிறங்கிப் போய் ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டேப்பைத் தொடாமலேயே, "அரை இன்ச் பிடிச்சா போதும்" என்பாள். பிடித்த பிறகு டேப் வைத்துப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் தொளதொளப்பை உள்ளே பிடித்துத் தைப்பாள். நான் ஓரம் அடித்துப் பொத்தான் வைப்பேன். என்னுடைய ஓவர்லாக் மெஷினில் ஒரு கத்தி உண்டு. ஓரத்தைப் பின்னிக்கொண்டே, வெளியே நீட்டுகிற துணியை அறுத்துத் தள்ளிவிடும். மேனேஜருக்கு அப்படிச் சுத்தமாக இருந்தால்தான் பிடிக்கும். இவளுக்கோ துணியை வெட்டினாலே ஆகாது. எவ்வளவு பிடித்தாலும் மிச்சத்தை உள்ளேயே விட்டு வைக்க வேண்டும் என்பாள்.

"மனுஷ உடம்புதானேக்கா. இன்னைக்கு இளைக்கும், நாளைக்கு ஊதும். வெட்டிட்டா அப்புறம் துணிக்கு எங்க போறது?"

இந்தச் சண்டையை நாங்களே ஒரு வழியாகத் தீர்த்துக்கொண்டோம். வெட்டக் கூடாத துணியில் அவள் ஓர் ஊக்கு குத்தி அனுப்புவாள். ஊக்கு இருந்தால் நான் கத்தி பக்கம் கொண்டுபோக மாட்டேன். இல்லாவிட்டால் என் இஷ்டம். பதினொரு வருடம் இப்படியே ஓடியது.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அப்பாவும் அவளும் மட்டும்தான். அப்பா லாரி எடைமேடையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். வாட்டசாட்டமான ஆள். நான் முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அறுபத்தெட்டு கிலோ, செருப்போட" என்றார். அறுபத்தேழரைதான். அன்றிலிருந்து நான் அவருக்குப் பொத்தான்காரம்மா. அவர் எனக்கு ஜென்ம விரோதி.

போன வருடம் அவருக்கு வயிற்று வலி வந்தது. அஜீரணம் என்று இரண்டு மாதம் மாத்திரை விழுங்கினார். பிறகு ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் தொடங்கிக் கல்லீரல் வரை பரவிவிட்டது, இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் இவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியூரில் இருக்கும் அண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றே போன் செய்திருக்கிறாள். "அப்பா காதுக்குப் போகக் கூடாது. தெரிஞ்சா அன்னைக்கே படுத்துடுவாரு. குடல் புண்ணுன்னு சொல்லு" என்றாராம் அண்ணன். சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். தூரத்தில் இருப்பவர்களுக்கு யோசனை சொல்வதில் என்ன கஷ்டம்? பொய்யைச் சுமக்க வேண்டியவள் இவள்.

ஆள் மளமளவென்று இளைத்தார். குளியலறைக் கண்ணாடியில் விரிசல் என்று சொல்லி அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தாள். எடை பார்க்கும் மெஷினை எங்கள் அறைக்கே கொண்டுவந்துவிட்டாள். மிச்சம் இருந்தது அவருடைய ஐந்து சட்டைகள். சட்டை தொளதொளத்தால் தெரிந்துவிடும் அல்லவா? ஒவ்வொரு சட்டையையும் வாரம் ஒரு முறை, நாளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பக்கமும் பிடிப்பாள். பழைய தையலைப் பிரிக்காமல் அதற்கு உள்ளே புதிதாக ஒரு வரி ஓட்டுவாள். துணியை வெட்டுவதில்லை. தைத்து முடித்ததும் மறக்காமல் ஊக்கு.

"நீ என்னடி, திரும்பப் பழைய ஆளா வந்துடுவாருன்னு நினைக்கிறியா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். என் நாக்குக்கு நேரம் காலம் கிடையாது.

அவள் மெஷினை நிறுத்தவில்லை. "துணி இருக்கட்டும்க்கா" என்றாள்.

விடிந்ததும் அவரைத் துடைத்து, படுக்கை விரிப்பை மாற்றி, மருந்தெல்லாம் வேளைப்படி எடுத்து வைத்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். எட்டு மணி நேரம் தைத்துவிட்டுத் திரும்பிப் போய் மறுபடியும் அதே வேலைகள். பகலில் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார். புதன்கிழமை எனக்கு விடுமுறை, நான் போய் உட்காருவேன். "சாப்பிட்டியாடி?" என்று கேட்டால், "ஞாபகம் இல்லக்கா" என்பாள். சாதாரணக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது அந்த ரகம் இல்லை. ஒரு நாள் அரைத் தூக்கத்தில் ஒரு பேன்ட்டின் காலை இன்னொரு பேன்ட்டோடு சேர்த்துத் தைத்து வைத்தாள். சிரிக்கலாம் என்று பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பிரித்துக் கொடுத்தேன்.

அவருடைய கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டிருந்தார்கள். கீழே பெரிய சாலை. படுத்தபடியே போகிற லாரியைப் பார்த்து, "ஓவர்லோடு. பின் டயரைப் பாருங்க" என்பார். சொல்லிவிட்டு மூச்சு வாங்குவார்.

ஐந்தாவது மாதம் ஒரு திங்கட்கிழமை. ஏதோ பள்ளிக்கூடத்துச் சீருடை, ஒரே நாளில் நாற்பது பேன்ட் முடிக்க வேண்டும். முந்தின இரண்டு நாளும் அப்பாவுக்கு வாந்தி. இவள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாள். அப்பாவின் நீலச் சட்டையைத் தைத்து என் பக்கம் இருந்த குவியலில் போட்டிருக்கிறாள். ஊக்கு குத்த மறந்துவிட்டாள். நானும் சட்டையைப் பார்க்கவில்லை. கைதான் பார்த்தது. ஊக்கு தட்டுப்படவில்லை, உள்ளே தள்ளிவிட்டது. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் அடித்துப் போட்டுவிட்டு அடுத்த பேன்ட்டை எடுத்தேன்.

மாலையில் குப்பைக் கூடையைக் கவிழ்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. நீளமாக நீலத் துண்டுகள். ஒவ்வொன்றிலும் வரி வரியாகத் தையல்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினது போல வாயை மூடிக்கொண்டு, சட்டையை மடித்து அவள் பையில் வைத்தேன். அவள் பிரித்துப் பார்க்கும் நிலையிலா இருந்தாள்?

புதன்கிழமை நான் போனபோது அவர் அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார். தலையணையில் சாய்ந்திருந்தார். கட்டை விரலைச் சட்டைக்குள் விட்டு விலாப் பக்கத் தையலை மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொத்தான்காரம்மா, இதுல துணி இல்ல" என்றார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மத்த நாலு சட்டையிலும் இருக்கு. எண்ணிப் பார்த்திருக்கேன், வாரம் ஒரு வரி. லோடு இறக்குற கணக்கு தெரியாதா எனக்கு? காலம் பூரா எடை போட்டவன்கிட்டயே எடையை மறைக்கப் பார்க்குது என் பொண்ணு. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதைதான்."

"அய்யா, அது வந்து..."

"குடல் புண்ணாம். புண்ணுக்கு எவனாவது மார்ஃபின் குடுப்பானா? எனக்கு எப்பவோ தெரியும்மா. ஆனா சட்டைக்குள்ள துணி இருந்துச்சே. நான் திரும்பத் தேறி வந்துடுவேன்னு அவ நம்புறா. நம்புற பிள்ளைகிட்டப் போயி எப்படிச் சொல்றது? அதான் நானும் நடிச்சேன். படுத்துக்கிட்டு நடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

மூச்சு வாங்கினார். பிறகு சிரித்தார். "இப்ப அவளே வெட்டிட்டா. அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு. இனி பேசலாம்."

நான்தான் வெட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. அதே சமயம், ஐந்து மாதமாக அந்தப் பெண் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஒன்றை என் மெஷின் ஒரு நிமிடத்தில் அறுத்துவிட்டதை நினைத்து எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஐந்தரை மணிக்கு அவள் வந்தாள். கைப்பையைக்கூட இறக்கவில்லை. அவர் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வா. துணியை வெட்டிட்டியே, நல்ல காரியம் பண்ணினே."

அவள் சட்டையைப் பார்த்தாள். குனிந்து ஓரத்தைப் புரட்டினாள். நெருக்கமான ஓவர்லாக் பின்னல். யார் கைவேலை என்று அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கத்தப் போகிறாள், அறையப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாப்பா" என்றாள். "நான்தான் வெட்டினேன்."

"லோடெல்லாம் இறங்கி, வெறும் வண்டி எடைக்கு வந்துட்டேன் பாப்பா."

"ஆமாப்பா."

அப்படியே தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்பில் தலையை வைத்து அழுதாள். அவர் அவள் தலையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அழுதபடியே தூங்கிப்போனாள். நான் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் இருந்தார். இனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகாதே என்றார். மகனை வரவழைக்கச் சொன்னார். வந்த மகன் தேம்பியபோது, "உனக்குத்தான் தெரியக் கூடாதுன்னு நினைச்சோம்" என்று கிண்டல் செய்தாராம். தன் அம்மா எப்படி இருந்தாள் என்று, அதுவரை கேட்காமல் விட்ட கேள்விகளை எல்லாம் இவள் அவரிடம் கேட்டாள். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, அவள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் வேலைக்கு வந்தாள். வந்த வேலையைச் செய்தாள். என்னிடம் பேசவில்லை. ஊக்கு மட்டும் ஒவ்வொரு துணியிலும், தேவையோ தேவையில்லையோ, இரண்டு இரண்டாகக் குத்தி வந்தது. கேட்க எனக்கென்ன தகுதி?

ஒரு மாதம் கழித்து ஐந்து சட்டைகளையும் கொண்டுவந்தாள். அண்ணன் அப்பா நினைவாகக் கேட்டிருக்கிறார், அவரும் அப்பாவைப் போலவே பெரிய ஆள். சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சின்ன பிளேடால் தையல் பிரிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டேன். அவள் தடுக்கவில்லை.

கடைசி வரியைப் பிரித்தோம். பிறகு அதற்கு முந்தின வாரம், அதற்கும் முந்தின வாரம். பிரிக்கப் பிரிக்க அப்பா தடித்துக்கொண்டே வந்தார். இருபது வாரமும் போனதும் பழைய சட்டை மேஜை மேல் அகலமாகக் கிடந்தது. அவள் அதைக் கையால் நீவி விட்டாள். கண் கலங்கியது. நானும்தான் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

நாலு சட்டை ஆயிற்று. நீலச் சட்டை மட்டும் மிச்சம்.

"இதைப் பிரிக்க முடியாதுடி" என்றேன். "என்னை மன்னிச்சிடு."

"திட்டணும்னுதான் தினமும் வர்றேன்க்கா" என்றாள். "அந்தப் பதினாறு நாள் ஞாபகம் வருது. முடியல."

எழுந்து நின்றாள். தன் உடைக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டுப் பொத்தானை மாட்டினாள். விலாவில் அவளுக்கென்றே பிடித்துத் தைத்தது போல் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் கடைசியில் இவள் அளவுக்கு வந்திருக்கிறார். அதை அதுவரை நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

தோள் மட்டும் இறங்கி நின்றது. நான் தொட்டுப் பார்த்தேன்.

"அரை இன்ச் பிடிச்சா சரியாயிடும். பிடிக்கட்டுமா?"

"வேணாம்க்கா" என்றாள். "இருக்கட்டும்."

அந்தச் சட்டையைக் கழற்றாமலேயே மெஷினில் போய் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள்.