சங்கிலியின் நீளம்

கற்றுத்தர மாட்டேன் என்ற மேஸ்திரியிடமே தங்கை வெல்டிங் கற்றாள். பெண் கட்டிய படகில் ஏற மாட்டோம் என்றவர்களை ஏற வைத்தாள். கடல் தின்றுகொண்டிருந்த தீவுக்குப் பீப்பாய்கள் மேல் மிதக்கும் வீடுகளை வரைந்து, பன்னிரண்டு குடும்பங்கள் மண்ணைவிட்டுப் போக வேண்டாம் என்று அரசாங்கத்தையே ஒப்புக்கொள்ள வைத்தாள். இத்தனையும் செய்தவளுக்கு, தான் வரைந்த தாளில் கையெழுத்துப் போட இடமில்லை. அக்காவுக்கு வயிறு எரிந்தது அதற்குத்தான்.

அக்கா தையல்காரி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. அளவு மட்டும் அரை விரல் பிசகாது. ஒன்பது வருஷமாகப் பௌர்ணமிதோறும் படகுத்துறைக் கம்பத்தில் நீர் ஏறிய மட்டத்தில் தங்கை கோடு போடுவாள். அக்கா ஆழத்தை அளந்து நோட்டில் எழுதுவாள். அதை வைத்துத்தான், துறையையொட்டி வரும் வீடுகளைக் கடலடியில் கட்டும் சங்கிலிக்கு ஏழு மீட்டர் என்று குறித்தாள் தங்கை.

அரசு அலுவலகப் பொறியாளர் அதைச் சிவப்பு மையால் அடித்து ஐந்தாக்கினார்.

"இவ்வளவு நீளம் எதுக்கும்மா? வீடு என்ன மாடா, மேயப் போகுதா?"

'வடிவமைத்தவர்' கட்டத்தில் அவரே கையெழுத்துப் போட்டார்.

"நீ ஏண்டி வாயை மூடிக்கிட்டு வந்தே?"

"சொன்னேன்க்கா. படிச்சவன் நானா நீயான்னார்."

வெள்ளிக்கிழமை, பௌர்ணமி. ஆளில்லாத முதல் வீட்டை மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். கடல் ஏறியது, வீடு ஏறவில்லை. சங்கிலி விறைத்து நாலு மூலையையும் பிடித்துக்கொண்டது. புதுச் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே குடியேற இருந்த கைக்குழந்தைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு பட்டறையில வெல்டிங் சரியில்ல," என்றார் பொறியாளர், கூசாமல்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் நோட்டை அவர் மூஞ்சிக்கு நேரே விரித்தாள்.

"பௌர்ணமிக்கு ஆழம் ஆறு மீட்டர். உங்க சங்கிலி அஞ்சு. இதுல வெல்டிங் எங்க சார் வந்துது?"

அவர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை தங்கையை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அக்காவும் போனாள்.

"ஏழுன்னே திருத்திக் குடும்மா. நான் கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் பொறியாளர்.

தங்கை பேனாவை மூடினாள். "நாளைக்கு மறுபடி அஞ்சாக்குவீங்க. என் அளவை மாத்தணும்னா என்னைக் கேக்கணும் சார். அந்தக் கட்டத்துல என் கையெழுத்து வரட்டும்."

வாசலில் நின்ற கைக்குழந்தைக்காரி குரல் கொடுத்தாள்: "அது இல்லாத வீட்டுல நாங்க கால் வைக்க மாட்டோம்!"

பொறியாளர் தாளைத் தங்கை பக்கம் தள்ளினார். அவள் நிதானமாகப் போட்டாள். அக்கா நோட்டை எடுத்து, கடைசிப் பௌர்ணமி ஆழத்துக்குக் கீழே எழுதிக்கொண்டாள்: தங்கை கையெழுத்து, 2018 மார்ச் 6.