காதுக்குள் ஓர் எறும்பு

நான் நான்காவது படிக்கும்போது என் வலது காதுக்குள் ஓர் எறும்பு குடித்தனம் வந்தது. வாயை அசைத்தாலே கரகரவென்று சத்தம். எறும்பு அப்படியே மூளைவரை போய்விடும் என்று வகுப்பில் பக்கத்தில் உட்கார்பவள் சொல்லிவிட்டாள். பயத்தில் இட்லியைக்கூட மெல்லாமல் விழுங்கினேன். எறும்பைத் தொந்தரவு செய்யக் கூடாது அல்லவா?

அம்மா தன் தம்பியை வரவழைத்தாள். பீர்க்கன்கரணையில் எல்லா நோய்க்கும் வைத்தியம் தெரிந்தவர் எங்கள் மாமாதான். யாருக்கும் குணமானதாகத் தகவல் இல்லை. காது மடலில் சர்க்கரையை ஈரம் தொட்டு ஒட்டி, செல்போன் விளக்கை அடித்து, "ஆடாம படு, வாசனைக்குத் தானா வந்துரும்" என்றார். அரை மணி நேரம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். எறும்பு வந்தது. ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு வரிசையே இறங்கி வந்து என் காதில் ஏறியது.

"பாத்தியாக்கா, எத்தினி பேரு உள்ள குந்திகினு இருந்துகீறாங்க!" என்று மாமா பூரித்துப்போனார். நான் போட்ட கூச்சல் ஏரிக்கரைவரை கேட்டிருக்கும். பக்கத்து அறையில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு மட்டும் கேட்கவில்லை.

அப்பா பெருங்களத்தூரில் மாவு மில் வைத்திருந்தார். வீட்டிலும் மில்லில் பேசுவதுபோல் கத்தித்தான் பேசுவார். மார்கழியிலும் ஃபேனை ஐந்தில் வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அம்மா போர்வைக்குள்ளிருந்து திட்டுவாள். எறும்பு வைத்தியம் நடந்த மறுநாள் அப்பா மில்லைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னை டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா காதுக்குள் பார்த்துச் சிரித்தார். எறும்பெல்லாம் இல்லை, காய்ந்த குறும்பி செவிப்பறையில் உரசுகிறதாம். சொட்டு மருந்து விட்டு ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினார். புளியங்கொட்டை அளவுக்கு ஒன்று கிண்ணத்தில் விழுந்தது. கரகரப்பு போயே போய்விட்டது! மூளை தப்பித்த சந்தோஷத்தில், அவர் கொடுத்த மிட்டாயைக் கடக்முடக்கென்று மென்றேன்.

வெளியே பெஞ்சில் வேறு யாரும் இல்லை. அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, வழக்கத்துக்கு மாறாக மெதுவாகக் கேட்டார்.

"இப்ப சத்தம் எதுவும் இல்லியாம்மா?"

"இல்லப்பா."

"கண்ண மூடிக்கினு நல்லா கேளு. ஒண்ணுமே இல்லியா?"

"ஒண்ணுமே இல்லப்பா. ஜாலியா இருக்கு."

"எப்படி இருக்கு, சொல்லு?"

அப்பாவுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அப்பாவின் காதுக்குள் ஓடிய மில்லுக்கு அந்த ஒரு நாள்கூட விடுமுறை கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.