முழங்கால் மடங்கவில்லை, முருகன் கைவிடவில்லை

போன வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு என் வலது முழங்கால் மடக்கினால் நிமிராது, நிமிர்த்தினால் மடங்காது என்ற நிலைக்கு வந்துவிட்டது. கால் மெஷின் மிதித்து, தையல் தைத்தே பிள்ளைகளை வளர்த்தவள் நான். வலி எனக்குப் புதிதல்ல. எண்ணெய் பூசினேன், பத்துப் போட்டேன், கண்ட கண்ட மாத்திரையெல்லாம் விழுங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பஜனை முடிந்து எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் எழும்ப முடியாமல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அடியார்களே, அந்த அழுகையிலிருந்துதான் இதைச் சொல்லத் தொடங்க வேண்டும்.

என் ஊர் ஆரையம்பதி. எங்கள் முருகன் கோயிலில் வெள்ளிதோறும் பின்னேரம் பஜனை நடக்கும். அதில் ஆர்மோனியம் வாசிப்பவள் நான். நாங்கள் அதைப் பெட்டி என்றுதான் சொல்வோம். என் கணவரின் தங்கை சரசு, எனக்கு மச்சாள், பாட்டு எடுத்துக் கொடுப்பாள். தச்சுவேலை செய்யும் யோகன் மிருதங்கம் வாசிப்பார். மற்றபடி கூடிப் பாடுபவர்கள் எல்லாம் எங்கள் வயதுப் பெண்கள். சுவாமி திரைக்குப் பின்னால் இருப்பார், நாங்கள் அதற்கு முன்னால் வெறும் நிலத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருப்போம். அங்கே கதிரை போடக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் ஒருவரும் போட்டதில்லை. ஏலாதவர்கள் காலை நீட்டிக்கொண்டு தூணில் சாய்வார்கள், அதற்கும் ஏலாமல் போனால் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மூட்டு முழுக்கத் தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னால் மண்டூர் கோயிலுக்குப் போய் முருகனிடம் சொல்லிவிட்டு வருவோம் என்று கணவரைக் கரைச்சல் படுத்தினேன். குருமண்வெளித் துறையில் ஓடம் ஏறி ஆற்றைக் கடந்து போனோம். அவர் என் கையைப் பிடித்தபடியே வந்தார். அங்கே நின்று நேர்த்தி வைத்தேன். வைத்த நேர்த்தியை நீங்கள் கேட்க வேண்டும். "முருகா, நான் மறுகாவும் பழையபடி உன்ட சந்நிதியில நிலத்தில சப்பாணி கட்டி இருந்து பெட்டி வாசிக்க வேணும். அப்பிடி வாசிச்சா உனக்குப் பாற்குடம் எடுப்பன்" என்றேன். பக்கத்தில் நின்ற என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னத்துக்குகா இவ்வளவு விளக்கம்? கால் சுகமாக வேணுமெண்டு கேட்டாக் காணாதா?"

"விளக்கமாச் சொன்னாத்தானே சரியாத் தருவார்" என்றேன் நான். கடைக்குச் சாமான் எழுதிக் கொடுக்கிற மாதிரி கடவுளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

வைகாசியில் மூட்டை மாற்றினார்கள். மயக்கம் தெளிந்தபோது கால் என்னுடையதாகவே இல்லை. வீங்கி, சூடாக, வேறு யாரோ ஒருவருடைய கால் கட்டிலில் கிடந்தது. அடுத்த நாளே எழுப்பி நடக்க வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்த பிள்ளை நல்ல பிள்ளை, சிரித்த முகம். வீட்டுக்கு வெளிக்கிடுகிற அன்று அந்தச் சிரிப்போடேயே சொன்னது: "அம்மா, இனி நிலத்தில சப்பாணி கட்டி இருக்கப்படாது. குந்தப்படாது. கதிரையிலதான் இருக்க வேணும். இதைக் கவனமா வச்சுக்கொள்ளுங்க."

"எவ்வளவு நாளைக்கு மகள்?" என்று கேட்டேன்.

"எப்பவும்தான் அம்மா."

ஓட்டோவில் வீடு வரும் வரைக்கும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தேன். வலி என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் களைப்பாக இருக்கிறது. காலையும் மாலையும் காலை நீட்டு, மடக்கு, நீட்டு, மடக்கு. வெயிலில் வியர்த்து ஒழுகும். மல்லாக்கப் படுத்தே கிடந்து முதுகு நொந்தது. ஒரு வாளி தண்ணீர் தூக்க ஆளைக் கூப்பிட வேண்டும். கணவர் விடிய வாவிக்கு வலை வீசப் போய்வந்து, மீனை விற்று, சோறும் ஆக்கி எனக்குத் தந்தார். அவர் ஒரு சொல் முகம் கோணிச் சொல்லவில்லை. அதுவே எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. விளக்கு வைக்கும்போது முருகன் படத்தைப் பார்க்கவே எனக்கு மனமில்லை. உண்மையைச் சொல்கிறேன், கோபம்தான்.

கால் ஓரளவு தேறியதும் சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து, கதிரையில் இருந்து வாசித்துப் பார்த்தேன். முதலில் விரல்கள் மரக்கட்டை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஆவணி பிறக்கும்போது பழையபடி வாசிக்க முடிந்தது. ஆனால் கோயில் பஜனைக்குப் போகவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் இன்னும் கால் சரிவரவில்லை என்றேன். உள்ளே கிடந்தது வேறு. கதிரையில் இருந்து வாசித்தால் வைத்த நேர்த்தி பொய்த்துப் போகும். நிலத்தில் இருந்தால் மூட்டுப் போகும். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்வது? அதோடு, எல்லோரும் கீழே இருக்க நான் மட்டும் சுவாமிக்கு முன்னால் ஏதோ பெரிய மனுசி போலக் கதிரையில் இருப்பதை நினைத்தாலே கூசியது.

கந்தசஷ்டி நெருங்கியதும் சரசு வீட்டுக்கு வந்தாள். அவளுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"பெட்டி இல்லாம நாங்க பாடுறது பாட்டாகா? ஒருத்தி வடக்க இழுக்கிறாள், ஒருத்தி தெற்க இழுக்கிறாள். நீ இஞ்ச மேசையில வச்சு வாசிக்கிறது றோட்டுக்கே கேக்குது. கோயிலுக்கு வர மட்டும் உனக்குக் கால் ஏலாதாக்கும்?"

"வாறன்" என்றேன். அவளுடைய வாய்க்குப் பயந்து சொன்னது.

சஷ்டி தொடங்கிய அன்று போனேன். நேர்த்தியை நிறைவேற்றியே தீருவேன் என்று மனதுக்குள் ஒரு வீம்பு. முருகன் கேட்டதைத் தரட்டும், நான் இருந்துதான் பார்க்கிறேனே என்று. பெட்டிக்குப் பக்கத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே இறங்கினேன். பாதி வழியில் கால் வழுக்கியது. ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தேன். புதிய முழங்கால் பாதி மடங்கியபடி அப்படியே இறுகிவிட்டது. நான் கத்தியது வெளி வீதிவரை கேட்டிருக்கும். யோகனும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். பாடவந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வெட்கத்தை நான் எந்த வாயால் சொல்ல?

ஆஸ்பத்திரியில் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல காலம், மூட்டுக்கு ஒன்றுமில்லை. டாக்டர் பேசிய பேச்சைத்தான் தாங்க முடியவில்லை. அவர் பேசியதில் ஒரு பிழையும் இல்லை.

அடுத்த நாள் பின்னேரம் வீட்டில் தனியாகக் கிடந்தேன். வெளியே ஐப்பசி மழை. என் சீவியத்தில் அவ்வளவு சோர்ந்துபோய் ஒருநாளும் கிடந்ததில்லை. அப்போது கும்பிட்டேன். கை கூப்பவில்லை, எழும்பவில்லை, படுத்தபடியேதான். "முருகா, எனக்குக் களைச்சுப் போச்சு. இப்பிடித் தா, அப்பிடித் தாவெண்டு இனி நான் சொல்லமாட்டன். உன்ட சந்நிதியில எனக்கு ஒரு இடம் வேணும். அவ்வளவுதான். எங்க, எப்பிடியெண்டு நீயே பார்" என்றேன். அசரீரி ஒன்றும் கேட்கவில்லை. மழைதான் கேட்டது. ஆனால் அன்று நன்றாக நித்திரை வந்தது.

சூரன்போருக்கு முதல் நாள், பாட்டைக் கேட்டுவிட்டு வருவோம் என்று மட்டும் நினைத்துக் கோயிலுக்குப் போனேன். பின்னால், பிரசாதம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் எல்லோரும் நிலத்தில் இருந்தார்கள். பெட்டி துணியால் மூடியபடி கிடந்தது. சரசு பாட்டைத் தொடங்கினாள். வழக்கத்தை விட உயரத்தில் எடுத்துவிட்டாள். இரண்டாவது அடி ஏறும்போது தொண்டை கிழிந்து பாட்டு நின்றது. ஒருவருக்கும் அதைப் பிடிக்க முடியவில்லை. சரசு திரும்பி என்னைப் பார்த்தாள்.

யோகன்தான் எழும்பினார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் அந்த மேசையில் வைத்தார்.

"வேணாம் யோகன்" என்றேன். "நான் நிலத்தில இருந்து வாசிக்கிறதெண்டு மண்டூரில நேர்த்தி வச்சிருக்கன்."

கணவரைத் தவிர வேறொருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. கோயில் முழுக்க அது கேட்டுவிட்டது.

"அதுக்கோகா இவ்வளவு நாளும் ஒளிச்சுத் திரிஞ்சாய்?" என்றாள் சரசு. "உன்னால நிக்க ஏலுமா?"

"நிக்கலாம்."

"நாங்க கீழ இருக்க நீ மட்டும் உசரத்தில நிக்கிறது உனக்குக் கூச்சமா இருக்கு. அப்பிடித்தானே?"

தலையை ஆட்டினேன். கண்ணீர் வந்துவிட்டது.

சரசு ஒரு கையை நிலத்தில் ஊன்றினாள். பல்லைக் கடித்துக்கொண்டு எழும்பினாள். "எழும்புங்ககா எல்லாரும்" என்றாள். ஒருவருக்கொருவர் கை கொடுத்து, "ஐயோ, முருகா" என்று முனகி முனகி எல்லோரும் எழும்பினார்கள். எங்களில் முழங்கால் நோகாதவள் யார்? யோகன் மிருதங்கத்துக்கு ஒரு வாரைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். எல்லோரும் வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"நீ நிண்டா நாங்களும் நிக்கிறம்" என்றாள் சரசு. "இப்ப ஆர் மேல, ஆர் கீழ? வாசி."

வாசித்தேன். பெட்டி இல்லாத மாதங்களில் அவர்களுடைய சுருதி ஒரு கட்டை இறங்கிப் போயிருந்தது. அவர்களை இழுக்காமல் நான் அந்த இடத்துக்கு இறங்கி வாசித்தேன். பாட்டுப் பிடித்துக்கொண்டது. அன்றைய பஜனை முழுவதையும் நின்றே பாடினார்கள், ஒருவர்கூட நிலத்தில் இருக்கவில்லை. நடுவில் ஒருமுறை திரையைப் பார்த்தேன். கேட்ட இடத்தைக் கொடுத்துவிட்டாயே அப்பா என்று மனதுக்குள் சொன்னேன். அந்த நிமிடத்தின் சந்தோசத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது.

தை மாதம் மண்டூருக்குப் போய்ப் பாற்குடம் எடுத்தேன். நிலத்தில் இருக்கவில்லை, ஆனாலும் கடன் கடன்தான் என்று முருகனிடம் சொன்னேன். மழைக்குளிருக்கு முழங்கால் இன்னும் உளைகிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சுகம் என்று நான் பெரிதாக ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது வெள்ளிதோறும் கதிரையில் இருந்தே பெட்டி வாசிக்கிறேன், கூச்சம் போய்விட்டது. என்னைப் பார்த்து, கால் ஏலாமல் வீட்டோடு கிடந்த இரண்டு பெண்கள் தங்கள் கதிரையையும் கொண்டு கோயிலுக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். முன்பு நான் கும்பிட்டால் அது நீளமாக இருக்கும், நிபந்தனையும் இருக்கும். இப்போது இரண்டு சொல்லோடு முடித்துவிடுகிறேன்.

அடியார்களே, கஷ்டம் வந்தால் அவனைக் கூப்பிடுங்கள். கோபம் என்றால் கோபத்தோடேயே கூப்பிடுங்கள், களைத்துப் போனால் படுத்துக்கொண்டே கூப்பிடுங்கள். அவன் வருவான். எனக்குப் பத்துப் பன்னிரண்டு பெண்களின் நோகிற கால்களோடு வந்தான்.

போன கிழமை சரசுவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். அந்தக் காலோடுதான் அன்றைக்கு எனக்காக முதலில் எழும்பி, கடைசிப் பாட்டுவரை நின்றிருக்கிறாள், ஒரு சொல் சொல்லவில்லை. அவளுக்கும் மூட்டு மாற்ற வேண்டுமாம். இதை வாசிக்கிற நீங்கள் ஒருமுறை அவள் பெயரைச் சொல்லி முருகனைக் கூப்பிடுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சரசு என்று மட்டும் சொன்னால் போதும்.