அப்பாவின் நிலை ஆற்றல்

நிலை ஆற்றலைக் கணக்கிட மூன்று எண்கள் போதும்: நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம். மூன்றையும் பெருக்க வேண்டியதுதான். எந்த வழியாக ஏறினோம், எங்கே நின்று இளைப்பாறினோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. டிப்ளமோவில் படித்தது. இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் கிரேன் தூக்கும் சுமைகளுக்கு இதே கணக்கைத்தான் போடுகிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் வாடகை வீடு இரண்டாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. வயிற்றில் புற்றுநோய் வந்து அப்பாவால் நடக்க முடியாமல் போனபின், ஒவ்வொரு முறை மருத்துவமனைக்குப் போகும்போதும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் தம்பியும் இறக்கினோம். திரும்பி வந்து ஏற்றினோம். முதல் முறை ஏற்றியபோது மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எழுபது கிலோ, ஆறு மீட்டர், முடுக்கத்துக்குப் பத்து. நாலாயிரத்து இருநூறு ஜூல். மறுநாள் என்னால் தலை வார முடியவில்லை.

அதன்பின் உயரம் மாறவில்லை, முடுக்கமும் மாறவில்லை. நிறை மட்டும் குறைந்தது. அறுபது, ஐம்பத்திரண்டு, நாற்பத்தைந்து.

வேன் ஓட்டிப் பிழைத்தவர் அப்பா. எடையைப் பற்றி எங்களிடம் கேட்டதே இல்லை. எங்கள் மூச்சைத்தான் கவனித்தார். ஒருநாள் நாங்கள் பேசிக்கொண்டே சுலபமாக ஏறிவிட்டோம். அன்று முழுக்க அவர் வாய் திறக்கவில்லை. அடுத்த முறை தம்பி வேண்டுமென்றே மூச்சு இளைத்தான். நானும் சேர்ந்துகொண்டேன்.

"இன்னா நைனா, நெல்லு மூட்ட மாரி கீற! எனக்குத் தெரியாம பிரியாணி துன்றியா?" என்றான் தம்பி.

"ஆமாண்டா, ஒங்கக்கா வாங்கியாந்தா. ஒனக்குத்தான் குடுக்கல."

கஞ்சிகூட உள்ளே தங்காத நாட்கள் அவை. ஆனாலும் அப்பா சிரித்தார்.

கடைசியாக வார்டிலிருந்து அனுப்பும்போது, இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். அப்பாவும் இரண்டு நாளாக, "வூட்டுக்குப் போயி என் கட்டில்ல படுக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் ஆட்டோவில் ஏறியதும் பேச்சை மாற்றினார்.

"சதுரங்கப்பட்டினத்துக்கு வுடச் சொல்லு. ஒங்கத்த வூட்ல இருந்துக்கிறேன். அங்க படி கெடையாது."

"ஏம்பா?"

"நீங்க ரெண்டு பேரும் மூச்சு வாங்கறத பாக்க முடியலம்மா. என்னால ஒங்களுக்கு எவ்ளோ பேஜாரு."

எனக்கு இருந்தவை இரண்டே வழிகள். பேசாமலிருந்தால் அத்தை வீட்டுக் கூடத்தில் அவருடைய நாட்கள் முடியும். பேசினால், இத்தனை நாள் அவரிடமிருந்து மறைத்ததை நானே சொல்ல வேண்டும்.

"பா, நீ கனமே இல்ல. நாப்பது கிலோகூட இல்ல. நாங்க சும்மா நடிச்சோம்."

"அக்கா!" என்று தம்பி அதட்டினான்.

அப்பா முழங்கால்மேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

"எத்தினி நாளா?"

"ரொம்ப நாளா."

"கேடிப் பசங்க" என்றார். சிரிக்கவில்லை. டிரைவரிடம் அவரே சொன்னார்: "செங்கல்பட்டு வூட்டுக்கே வுடுப்பா."

மாடி ஏறும்போது யாரும் மூச்சு இளைக்கவில்லை. முதல் மாடித் திருப்பத்தில் தம்பி பழக்கதோஷத்தில் இளைப்பாற நாற்காலியைத் தாழ்த்தினான்.

"ஏண்டா நிக்கற?" என்றார் அப்பா. "அதான் கனமில்லியே. ஏறு."