மேகத்துக்குள்ள எது நெசம்னு கேட்டேன்

அருளாளன் பேரைச் சொல்லித் தொடங்குறேன். சகோதரிகளே, போன வருஷம் ஐப்பசியில நான் வானத்தை அண்ணாந்து பார்க்கவே பயந்து கெடந்தேன். விமானம் ஓட்டப் படிச்சுக்கிட்டிருந்த நேரம் அது.

என் பேரு ரஹ்மத். கோரிப்பாளையத்துல தையல் கடை வச்சிருக்கிற அத்தாவோட மக. மதுரைக்குத் தெற்கே, பொட்டல்வெளியில இருக்கிற ஒரு பயிற்சிப் பள்ளியில சேர்ந்தேன். கூடப் படிச்சவன் முத்துப்பாண்டி. கீழக்குயில்குடிக்காரன், அரசாங்க உதவித்தொகையில வந்தவன். ரேடியோவுல வேகமா வர்ற இங்கிலீஷ் எங்க ரெண்டு பேருக்கும் பிடிபடாது. நான் இறக்குறப்ப விமானம் தவ்வும், மத்தவங்க சிரிப்பாங்க. முத்துப்பாண்டி மட்டும், "விடு ரஹ்மத், நாளைக்கும் ரன்வே இங்கனதான் கெடக்கும்"பான்.

ஒரு நாள் காலையில அவன் தனியாப் பறந்து, இறங்கத் திரும்புறப்ப வேகம் குறைஞ்சு, விமானம் ஒரு பக்கமாச் சரிஞ்சு காட்டுல விழுந்துருச்சு. புகை வந்த திக்குல நாங்க ஓடுனோம். அங்க பார்த்ததை எழுத எனக்குத் தெம்பு இல்ல.

அவன் அம்மா பேச்சியம்மா வயல் வேலை பாக்குறவங்க. மூடின பெட்டியைத் தொட்டுக்கிட்டு, "எம் புள்ள முகத்தைக் காட்டுங்கய்யா"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டாங்க. எங்கிட்ட வந்தப்ப நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல. விமானத்துல ஏறுனாலே விரல் வெறைச்சுக்கும். "போதும்மா, விட்டுரு"ன்னு அத்தா சொன்னாங்க. விட்டுட்டா இனி எதுக்குமே துணிய மாட்டேன்னு தோணுச்சு. திரும்பப் போனேன். பயம் போகணும்னு ஒவ்வொரு தொழுகையிலயும் அழுதேன். போகல. நான் கேக்குற துஆ அவன்கிட்ட போய்ச் சேரலையோன்னு மனசு விட்டுப்போச்சு.

தூரப் பறந்து திரும்புற தனிப் பயிற்சிக்குப் போனேன். கிளம்புறப்ப வானம் தெளிவாத்தான் இருந்துச்சு. திரும்புற வழியில மேகம் திரண்டுருச்சு. ஒதுங்கிப் போயிரலாம்னு திருப்புறதுக்குள்ள உள்ள மாட்டிக்கிட்டேன். வெளிய வெறும் வெள்ளை. மேல எது, கீழ எதுன்னு தெரியல. நேராத்தான் போறோம்னு உடம்பு சொல்லுது. இடது பக்கம் சாஞ்சு இறங்குறேன்னு முன்னால இருக்கிற கருவி காட்டுது. மேகத்துல உடம்பு பொய் சொல்லும், கருவியை நம்புன்னுதான் படிச்சிருந்தேன். ஆனா கை அசைய மாட்டேங்குது. அந்த மூடின பெட்டிதான் கண்ணுக்குள்ள நிக்குது. உயரம் குறைஞ்சுக்கிட்டே இருக்கு.

"யா அல்லாஹ், எது நெசம்னு காட்டு. என்னைய என் பயத்துக்கிட்ட விட்டுராத." வாய்விட்டுச் சொன்னேன்.

குரல் எதுவும் கேக்கல. யாரும் வந்து கையைப் பிடிக்கல. ஆனா இறுகிக் கெடந்த விரல் தளர்ந்துச்சு. தப்பு தப்புன்னு உடம்பு கத்துறப்பவே, கருவி சொன்னபடி விமானத்தை நிமித்தினேன். இறங்குறது நின்னுச்சு. கொஞ்ச நேரத்துல வெள்ளை விலகி, கீழ வைகை மணல் தெரிஞ்சது. ஆத்தை வச்சு வழியைக் கண்டுபிடிச்சு, தவ்வித் தவ்வித்தான் இறங்கினேன். இறங்கின இடத்துலயே நெத்தி மண்ணுல பட ஸஜ்தாவுல விழுந்தேன்.

ஆனா முத்துப்பாண்டியும் அவன் சாமியைக் கூப்பிட்டிருப்பானே. அவனுக்கு ஏன் இல்ல? அந்தக் கேள்வியை இன்னைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

மறுநாள் பேச்சியம்மாவைப் பார்க்கப் போனேன். "நான் தப்பிச்சு வந்துட்டேன்மா. ஒங்ககிட்ட சொல்லவே கூச்சமா இருக்கு"ன்னேன்.

அவங்க என் கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. "எதுக்குத் தாயி கூச்சம்? அவன் போனதுலருந்து, மேல சத்தம் கேட்டாலே கையெடுத்துக் கும்புடுறேன். இந்தப் புள்ளையாச்சும் நல்லா எறங்கணும் அய்யனாரேன்னு." அப்புறம் ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம்.

என் துஆ தனியாப் போகலன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். எல்லார் வேண்டுதலையும் காதுல வாங்குறவன் ஒருத்தன்தான், அவனுக்கே எல்லாப் புகழும்.

இன்னும் பறக்குறேன். பயமும் கூடவே வருது. அது போகட்டும்னு இப்பல்லாம் காத்திருக்கிறதில்ல, பயத்தோடயே கையேந்துறேன். சகோதரிகளே, நீங்களும் அப்படியே கேளுங்க. உங்க வீட்டு மாடிக்கு மேல சின்ன விமானம் ஒண்ணு போற சத்தம் கேட்டா, அதுல இருக்கிற புள்ளைக்காகவும் ஒரு வார்த்தை கேளுங்க.